பழைய ஹாலோவீன் இரவை வீட்டிலேயே நடத்துவது எப்படி

அக்டோபர் 31-ஆம் தேதி இரவு என்றதும் ஆரஞ்சு நிறப் பூசணிக்காயும் பிளாஸ்டிக் எலும்புக்கூடும் வாளி நிறைய மிட்டாயும்தான் இன்று பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. இவை பெரும்பாலும் வட அமெரிக்காவில் வந்து சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து கிராமத்து வீடுகளில் நடந்த ஹாலோவீன் இதிலிருந்து வெகுவாக வேறுபட்டது. கிழங்கைக் குடைந்து செய்த விளக்கு, மோதிரத்தை ஒளித்துச் சுட்ட ரொட்டி, கணப்பில் இட்ட கொட்டைகள், அடுத்த ஆண்டுக்குள் யாருக்குத் திருமணம் கூடும், யார் நம்மோடு இருக்கமாட்டார் என்ற கேள்விகள் ஆகியவற்றால் ஆனது அந்த இரவு. அதற்காகக் கடையில் வாங்க வேண்டியது மிகவும் குறைவு. லண்டனிலோ டொராண்டோவிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் அதை ஒரே மாலையில் நடத்திப் பார்க்க இந்தக் கட்டுரை உதவும். ஒவ்வொரு செயலுக்கும் பின்னுள்ள கதையையும் உடன் சொல்லியிருக்கிறேன். கதை தெரியாமல் கிழங்கைக் குடைந்தால் மிஞ்சுவது கைவலிதான்.

முதலில் நாளைப் புரிந்துகொள்ளுங்கள்

'ஹாலோ' என்பது புனிதரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். மாலையைக் குறிக்கும் 'ஈவன்' என்ற சொல் ஸ்காட்லாந்து வழக்கில் 'ஈன்' என்று சுருங்கி அதனுடன் ஒட்டியது. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. அதன் முந்தைய மாலைதான் ஹாலோவீன். அடுத்து வரும் நவம்பர் 2, தமிழ்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவத்தி ஏற்றிப் பூ வைக்கும் அதே நாள். ஆகவே பலர் நினைப்பதுபோல் இது நமக்கு முற்றிலும் அந்நியமான விழாவன்று. இதன் மற்றொரு முனை நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலேயே இருக்கிறது.

கிறித்தவப் பெயருக்கு அடியில் இருப்பது அயர்லாந்து, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி பேசிய மக்களின் பருவ விழா. அதன் பெயரை எழுத்தைப் பார்த்துப் பலர் 'சம்ஹைன்' என்று படித்தாலும் ஐரிஷ் மொழியில் அது 'சௌவின்' என்றே ஒலிக்கும். கோடைக்கால மேய்ச்சல் நிலங்களிலிருந்து மாடுகளைத் தாழ்நிலத்துக்கு ஓட்டி வந்து, குளிர்காலத்துக்குத் தீவனம் போதாதவற்றை அறுத்து, அறுவடையை முடித்துக்கொள்ளும் எல்லை நாள் அது. கேலிக் கணக்கில் நாள் சூரியன் மறையும்போதே தொடங்குவதால், கொண்டாட்டம் முந்தைய மாலையிலேயே ஆரம்பமாகிவிடும். இரண்டு பருவங்களுக்கு நடுவேயுள்ள அந்த இடைவெளியில் மறு உலகத்தின் கதவு திறந்திருக்கும் என்று நம்பினார்கள்.

விருந்தினருக்குக் கதை சொல்லும்போது இரண்டு தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள். சௌவின் என்பது மரண தேவனின் பெயர் என்று இணையத்தில் அடிக்கடி காணப்படும் செய்தி, பதினெட்டாம் நூற்றாண்டில் சார்லஸ் வேலன்சி என்ற படை அதிகாரி செய்த பிழையிலிருந்து வளர்ந்தது. அப்படி ஒரு தேவன் கிடையாது. இன்றும் ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கு அந்தச் சொல்தான் பெயர். மற்றொன்று, இந்த விழாவை மறைப்பதற்காகவே திருச்சபை நவம்பர் 1-ஐத் தேர்ந்தெடுத்தது என்ற கதை. அயர்லாந்தின் பழைய திருச்சபை அனைத்துப் புனிதரை ஏப்ரல் 20 அன்று நினைவுகூர்ந்தது என்பதும், நவம்பர் தேதி 835-இல் பிராங்கியப் பேரரசில் நிலைபெற்றது என்பதும் அந்த எளிய விளக்கத்தை ஐயத்துக்குரியதாக்குகின்றன.

கிழங்கு விளக்கு

வேலையை மதியமே தொடங்குங்கள். டப்ளினில் அக்டோபர் கடைசியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் வைக்கப்படுவதால், 31-ஆம் தேதி மாலை ஐந்து மணியளவிலேயே இருட்டிவிடும். விளக்கு அதற்குள் தயாராக வேண்டும்.

வேண்டியது பூசணியன்று, டர்னிப். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அந்தச் சொல் பெரும்பாலும் ஸ்வீட் (swede) எனப்படும், மஞ்சள் சதையும் ஊதா நிறத் தோலும் கொண்ட பெரிய கிழங்கைக் குறிக்கும். வெள்ளை டர்னிப்பும் போதும், ஆனால் அது சிறியது. நம் ஊர் நூக்கலை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எதுவும் கிடைக்காத ஊரில் பெரிய பீட்ரூட்டைக் குடையலாம். இது என் வசதிக்காகச் சொல்லும் மாற்றன்று. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள ஹிண்டன் செயின்ட் ஜார்ஜ் கிராமத்தில், அக்டோபர் மாதக் கடைசி வியாழக்கிழமை 'பங்கி நைட்' என்ற பெயரில் குழந்தைகள் ஏந்திச் சென்ற விளக்குகள் மாட்டுத் தீவனமான மாங்கல்வர்சலில் குடையப்பட்டவை. மாங்கல்வர்சலும் பீட்ரூட்டும் ஒரே இனம். கையும் பலகையும் சிவந்துபோகும் என்பதை மட்டும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு முதல் பதினைந்து சென்டிமீட்டர் அகலமும் உருண்ட வடிவமும் கொண்ட கிழங்காகப் பொறுக்கி, ஆடாமல் நிற்பதற்காக அடிப்பாகத்தை மெல்லிதாகச் சீவுங்கள். மேலிருந்து இரண்டு விரற்கடை அளவு வெட்டியெடுத்தால் அதுவே மூடி. பூசணிக்கு உள்ளே ஏற்கெனவே குழி இருக்கும். கிழங்கு முழுதும் கட்டியான சதை என்பதுதான் இதிலுள்ள சிரமம். சதையின்மேல் சிறிய கத்தியால் கட்டம் கட்டமாக ஆழக் கீறி, கெட்டியான இரும்புக் கரண்டியின் விளிம்பால் ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்தெடுங்கள். கரண்டி வளைந்துவிடும் அளவுக்கு அழுத்தாமல், கீறுவதும் பெயர்ப்பதுமாக மாறி மாறிச் செய்வதே சுலபம். சுவர் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வரும்வரை குடைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். வழித்தெடுத்த சதையை வீணாக்காதீர்கள்; வேகவைத்து மசித்து வெண்ணெய் சேர்ப்பது அங்குள்ள வழக்கம், சாம்பாரில் போட்டாலும் முள்ளங்கியைப் போலப் பொருந்திவிடும்.

முகத்தை அழகாக வெட்டவேண்டும் என்று முயலாதீர்கள். கோணலான இரண்டு கண்களும், பற்கள் இடைவிட்டு நிற்கும் அகன்ற வாயும் போதும். கிழங்கின் தோலில் இயல்பாகவே உள்ள சுருக்கங்களும் வேர் நுனிகளும் மீதியைச் செய்துகொள்ளும்; பூசணிக்கு இல்லாத விகாரம் இதற்கு உண்டு என்பதாலேயே நான் இதை விரும்புகிறேன். மூடியில் புகை வெளியேற ஒரு துளையும், பக்கங்களில் கயிறு கோக்க இரண்டு துளைகளும் இடுங்கள். உள்ளே சிறிய மெழுகு விளக்கு வைத்தால் கிழங்கு கருகும் வாசனை வரும், அந்த இரவின் பழைய வாசனை அதுதான். குழந்தை கையில் ஏந்தி நடப்பதாக இருந்தால் மின்கலத்தில் எரியும் விளக்கே வேண்டும்.

ஏற்றும்போது சொல்லவேண்டிய கதை ஜாக் என்ற கஞ்சக் குடிகாரனுடையது. மதுக்கடையில் சாத்தானைச் சந்தித்த அவன், தன் கடனை அடைக்க நாணயமாக மாறும்படி அவனை ஏய்த்து, சிலுவை கிடந்த பைக்குள் போட்டு அடைத்தான். தன் உயிருக்குச் சில காலம் தவணை வாங்கிக்கொண்டே விடுவித்தான். தவணை முடிந்து மீண்டும் வந்த சாத்தானைப் பழம் பறிக்க மரத்தில் ஏற்றி, அடிமரத்தில் சிலுவை கீறி, தன் ஆன்மாவை ஒருபோதும் கொண்டுபோவதில்லை என்ற வாக்குறுதியைப் பெற்றான். ஜாக் செத்தபோது விண்ணகம் அவனை ஏற்கவில்லை. கொடுத்த வாக்கின்படி நரகமும் ஏற்கவில்லை. இருட்டில் வழி தெரிய சாத்தான் எறிந்த ஒரு நெருப்புத் துண்டைத் தான் தின்றுகொண்டிருந்த கிழங்கைக் குடைந்து அதில் வைத்துக்கொண்டு, இன்றும் அலைந்துகொண்டிருக்கிறான். 'ஜாக்-ஓ-லாண்டர்ன்' என்ற பெயர் இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டிலேயே சதுப்பு நிலங்களில் தோன்றி மறையும் ஒளியைக் குறிக்க வழங்கியது. அதே ஒளியைத்தான் நம்மவர்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள். கையில் கொள்ளி ஏந்திய ஜாக்கை அறிமுகப்படுத்தத் தமிழ்க் குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை.

1845 முதல் 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் அயர்லாந்தைவிட்டுக் கப்பலேறியவர்கள், அமெரிக்காவில் பெரியதும் மென்மையானதும் குடைய எளியதுமான பூசணியைக் கண்டதும் கிழங்கை மெல்லக் கைவிட்டார்கள். கைவலியை நினைத்தால் அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

மோதிரம் ஒளித்த ரொட்டி

பார்ம்பிராக் என்ற இந்த ரொட்டியின் ஐரிஷ் பெயருக்குப் புள்ளிகள் கொண்ட ரொட்டி என்பது பொருள். புள்ளிகள் என்பவை உலர் திராட்சைகள். ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைப்பது ஒரு முறை. தேநீரில் பழத்தை ஊறவைத்துச் செய்யும் முறை அதைவிட எளிது. முதல் முறை செய்பவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

முந்தைய இரவே 375 கிராம் உலர் திராட்சை வகைகளை 300 மில்லி சூடான, பால் சேர்க்காத கடுந்தேநீரில் ஊறப் போடுங்கள். காலையில் பழம் தேநீரைக் குடித்து உப்பியிருக்கும். மிச்சத் தேநீரை வடித்துவிடாமல், அதிலேயே 150 கிராம் பழுப்புச் சர்க்கரையையும் ஒரு முட்டையையும் அடித்துச் சேருங்கள். 250 கிராம் மைதாவில் இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும், பட்டை, ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் பொடி சேர்ந்து ஒரு தேக்கரண்டியும் கலந்து சலித்து, பழக்கலவையில் சேர்த்து, மாவு மறையும்வரை மட்டும் கிளறுங்கள். வெண்ணெய் தடவிய நீள ரொட்டித் தட்டில் ஊற்றி 170 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் சுடுங்கள். நடுவில் செருகிய குச்சி ஈரமில்லாமல் வந்தால் வெந்துவிட்டது என்று பொருள். இல்லையேல் இன்னும் பத்து நிமிடம் விடலாம்.

இனி முக்கியமான பகுதி. ரொட்டிக்குள் ஐந்து பொருள்கள் ஒளிந்திருக்க வேண்டும். மோதிரம் கிடைத்தவருக்கு ஓராண்டுக்குள் திருமணம். நாணயம் செல்வம், கந்தல் துணி வறுமை. பட்டாணி கிடைத்தவருக்கு அந்த ஆண்டு கல்யாணம் இல்லை. குச்சி கிடைத்தவருக்கு மணவாழ்க்கை கசக்கும். இன்று அயர்லாந்துக் கடைகளில் விற்கும் ரொட்டியில் பெரும்பாலும் மோதிரம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. வீட்டில் செய்யும்போது ஐந்தையும் வைப்பதே சுவை, ஏனெனில் கெட்ட குறி ஒன்றேனும் இல்லாவிட்டால் துண்டை வாங்கும் கை தயங்காது, தயக்கம் இல்லாவிட்டால் விளையாட்டும் இல்லை. ஒவ்வொன்றையும் பேக்கிங் தாளில் பெரிய பொட்டலமாக மடித்து, ரொட்டி ஆறியபின் அடிப்பக்கம் கீறி, இடைவெளிவிட்டுச் செருகுங்கள். மோதிரம் கல் பதிக்காததாக இருக்கட்டும். உள்ளே பொருள் இருக்கிறது என்று வெட்டும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். சிறு குழந்தைகளுக்குப் பொட்டலம் இல்லாத நுனித் துண்டைப் பிரித்துவையுங்கள்.

இரவு உணவுக்குக் கால்கேனன் போதும். ஒரு கிலோ உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, தனியே வெந்த 250 கிராம் கேல் கீரையையோ முட்டைக்கோஸையோ நறுக்கிப் போட்டு, வெங்காயத்தாள் ஊறிய சூடான பாலும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி செய்து வெண்ணெய்க் கட்டியை உருகவிட வேண்டும். அந்த நாளில் கத்தோலிக்கர் இறைச்சி உண்ணாத வழக்கத்தால்தான் இந்த இரவின் உணவுகளில் கிழங்கும் கோஸும் ஆப்பிளும் ஆட்சி செய்கின்றன. சைவ வீடுகளுக்கு இது வசதியாகிவிடுகிறது.

குறி பார்க்கும் விளையாட்டுகள்

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் இந்த இரவைப் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுதி, 1786-இல் வெளியான தம் முதல் தொகுப்பில் சேர்த்தார். கிராமத்துச் சடங்கு ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பும் அவரே எழுதிவைத்ததால், விளையாட்டுகளின் விதிமுறை நமக்குத் தெளிவாகக் கிடைத்திருக்கிறது.

கொட்டை சுடுவது அவற்றில் எளிது. ஓடு நீக்காத இரண்டு ஹேசல் கொட்டைகளை எடுத்து, ஒன்றுக்குத் தன் பெயரையும் மற்றொன்றுக்கு விரும்பும் ஆளின் பெயரையும் வைத்து, நெருப்பின் ஓரத்தில் அருகருகே வைக்க வேண்டும். இரண்டும் அமைதியாக ஒன்றாக எரிந்தால் உறவு நிலைக்கும். ஒன்று வெடித்துத் துள்ளி விலகினால் நிலைக்காது. யாருடைய பெயர் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை என்பது இதிலுள்ள நாகரிகம். கணப்பு இல்லாத வீட்டில் தோட்டத்துக் கரியடுப்பைப் பயன்படுத்துங்கள். கரியை வீட்டுக்குள் எரிப்பது உயிருக்கே ஆபத்து. கீறாத செஸ்ட்நட் பலமாக வெடித்துத் தெறிக்கும் என்பதால் அதைத் தவிர்த்து, ஹேசல் ஆனாலும் இரண்டடி தள்ளியே நில்லுங்கள்.

தட்டு விளையாட்டுக்குக் கண்ணைக் கட்டி, இடம் மாற்றி வைத்த தட்டுகளில் ஒன்றைத் தொடச் சொல்ல வேண்டும். அயர்லாந்து வழக்கில் மோதிரம் உள்ள தட்டு திருமணத்தையும், தண்ணீர் கடல் கடந்த பயணத்தையும், மண் சாவையும் குறிக்கும். முதியவர்களோ நோயுற்றவர்களோ உடனிருந்தால் மண் தட்டை எடுத்துவிடுங்கள். மரபு என்ற பெயரில் ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்கவேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு ஆப்பிள். அதன் பருமனில் கால் பங்கு காற்று என்பதால் அது தண்ணீரில் மிதக்கும். தொட்டி நீரில் மிதக்கவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பல்லால் கவ்வச் சொல்வது ஒரு வகை. மற்றொன்று, உத்தரத்திலிருந்து தொங்கும் குச்சியின் ஒரு முனையில் ஆப்பிளையும் மறுமுனையில் எரியும் மெழுகுவத்தியையும் குத்தி, சுழலவிட்டுக் கவ்வுவது. கார்க் மாவட்டத்துப் பிளார்னியில் 1832-இல் தாம் கண்ட இத்தகைய விருந்தை டேனியல் மக்லீஸ் அடுத்த ஆண்டே பெரிய ஓவியமாகத் தீட்டினார். மெழுகுவத்தியை விட்டுவிட்டு, ஆப்பிளை மட்டும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். முகத்தில் இடித்து நழுவும் பழமே போதுமான வேடிக்கை. தோலை அறுபடாமல் ஒரே நாடாவாகச் சீவித் தோளுக்குப் பின்னால் எறிந்து, விழுந்த வடிவில் வருங்காலத் துணையின் முதலெழுத்தைத் தேடுவதும் உண்டு. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் எஸ் அல்லது சி ஆகவே அமையும். வளைவுகள் மிகுந்த தமிழ் எழுத்துகளில் வாய்ப்புகள் அதிகம் என்பது நம் கூடுதல் பலன்.

வேடமிட்டுப் படியேறுவது

கதவு திறந்த இரவில் வெளியே உலவும் ஆவிகள் தம்மில் ஒருவர் என்று எண்ணிக் கடந்துபோகட்டும் என்பதற்காகவே வேடம் என்பது மக்கள் சொல்லும் விளக்கம். வேடத்துக்குப் பழைய வெள்ளைத் துணியும் வைக்கோல் முகமூடியும் போதும். கார்க் மாவட்டத்தின் கிழக்கில் ஒருவர் குதிரை மண்டையோடு ஏந்தி, வெள்ளைத் துணி போர்த்தி 'வெள்ளைப் பெட்டைக் குதிரை'யாக முன்னே செல்ல, இளைஞர்கள் கொம்பு ஊதியபடி வீடு வீடாக உணவு திரட்டினார்கள். அட்டையில் குதிரைத் தலை வெட்டினால் அதை எளிதில் செய்துவிடலாம். ஸ்காட்லாந்தில் முகத்தில் கரி பூசுவதும் வழக்கமாக இருந்தது. இன்று முகத்தைக் கறுப்பாக்கும் வேடம் இனக் கேலியாகவே பொருள்படும் என்பதால் அதை விட்டுவிடுங்கள்.

ஸ்காட்லாந்தில் வாசலில் வந்து நிற்கும் குழந்தை ஒரு பாட்டோ கவிதையோ விடுகதையோ சொன்னால்தான் கொட்டையும் பழமும் காசும் கிடைக்கும். இந்த நிபந்தனை அட்லாண்டிக்கைக் கடக்கையில் கழன்றுபோயிற்று. 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்ற தொடர், குறும்பு செய்வேன் என்ற மிரட்டலாக, 1927-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்துப் பிளாக்கி என்ற சிற்றூரைப் பற்றிய செய்தியில் பதிவாகியிருக்கிறது. உங்கள் வீட்டு வாசலிலாவது பழைய விதியை மீட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளும் அடுத்த வீட்டில் ஒரு திருக்குறள் சொல்லலாம்; 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்ததைப் போன்ற ஆண்டுகளில் கைமாறாக ஒரு முறுக்கும் கொடுத்துவரலாம்.

தீ அணையும் நேரம்

பேய்க் கதைகளுக்கு இடங்களும் பெயர்களும் வேண்டுமென்றால் அயர்லாந்திலேயே இருக்கின்றன. மீத் மாவட்டத்தில் அத்பாய்க்கு அருகிலுள்ள கிளாக்கா குன்றில் துருயிதர்கள் என்ற பழங்காலப் பூசாரிகள் இந்த இரவில் பெருந்தீ மூட்டினார்கள் என்று பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி கீட்டிங் எழுதினார். ராஸ்காமன் மாவட்டத்து ரத்குரோகனில் 'பூனைகளின் குகை' என்ற ஒடுங்கிய பிளவிலிருந்து அழிவு விளைக்கும் பறவைகளும் விலங்குகளும் வெளிவந்தன என்கின்றன பழைய ஐரிஷ் கதைகள்.

தோட்டத்தில் தீ மூட்டியிருந்தால், வேல்ஸ் மக்களின் வழக்கத்தோடு முடியுங்கள். தீ தணியும்போது எல்லோரும் வீட்டை நோக்கி ஓடவேண்டும். கடைசியாக வருபவரை வாலறுந்த கறுப்புப் பன்றி பிடித்துக்கொள்ளும். ஒவ்வொருவரும் தம் அடையாளமிட்ட கல்லைத் தணலில் போட்டு, காலையில் காணாமற்போன கல்லுக்குரியவர் ஆண்டு முடியுமுன் இறப்பார் என்று பார்க்கும் சடங்கும் அங்கே உண்டு. மண் தட்டுக்குச் சொன்னதையே இதற்கும் சொல்வேன்.

நவம்பர் 2 இரவு, அயர்லாந்து வீடுகளில் கதவைத் தாழிடாமல் விட்டு, கணப்பருகே நாற்காலியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்துப் படுக்கச் செல்வார்கள். அந்த வீட்டில் இறந்தவர்கள் திரும்பி வந்து குளிர்காய்வார்கள் என்பது நம்பிக்கை. நகரத்தில் கதவைப் பூட்டித்தான் ஆகவேண்டும்; நாற்காலியும் தண்ணீரும் வைக்கத் தடையில்லை. அதுவரை கிழங்கு விளக்கைக் குப்பையில் போடாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள். அது நாள்தோறும் சுருங்கி, கன்னம் ஒட்டி, பல் நீண்டு, குடைந்த அன்று இருந்ததைவிடப் பன்மடங்கு கோரமாகும். டோனகால் மாவட்டத்துப் ஃபின்டவுனிலிருந்து 1943-இல் கொடையாகப் பெற்ற அப்படிப்பட்ட ஒரு கிழங்கு முகம் சிதையத் தொடங்கியதால் அதைச் சாந்தில் வார்ப்பெடுத்தார்கள். வார்ப்பு, மேயோ மாவட்டத்தில் உள்ள அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் கிராம வாழ்க்கைப் பிரிவில் இருக்கிறது. அதன் படத்தைக் குழந்தைகளுக்கு இரவில் காட்டாமல் பகலில் காட்டுங்கள்.